ஒரு கதவுக்கு இரண்டு சாவி

நாளை மறுநாள் முதல் நீங்கள் இருவரும் கொழிஞ்சாம்பாறைக் கடையின் முன்மேஜையில் உட்காரப் போகிறீர்கள். எனக்கு இது இரண்டாவது குழந்தை, ஆறாம் மாதம். இனிமேல் பஸ்ஸில் வந்து போக வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சாமான் பட்டியலைப் பார்ப்பது, கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதுவது, பஸ்ஸில் வரும் பார்சலை வாங்கி வைப்பது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்காக இதை எழுதவில்லை. இதை எழுத வேண்டுமா என்றே மூன்று தடவை யோசித்தேன். எழுதாமல் போனால் உங்களில் ஒருத்தி நான் செய்ததையே செய்வாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நம் கடைக்கு வருபவை யாரோ ஓட்டி முடித்த வண்டிகள். மலைத் தோட்டத்துத் துரைமார் விட்டுப்போனது, டாக்டர் விற்றது, அவரிடம் வாங்கியவர் மறுபடி விற்றது. அந்த இங்கிலீஷ் கார்களுக்குப் புதுச் சாமான் வருவது நின்று பல வருடமாகிறது. ஒரு கதவு வேண்டுமென்றால் அதே மாதிரி இன்னொரு கார் எங்கேயாவது உடைபட வேண்டும். அதனால் ஒரே வண்டியில் மூன்று வண்டிகள் இருக்கும். ஸ்விட்சு ஒரு காருடையது, டிக்கி இன்னொன்றுடையது, கதவுக் கைப்பிடி மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி.

வேலைக்கு வந்த முதல் வருடம் எனக்கு இது ஏதோ கனவு மாதிரி இருந்தது. சுவரில் பலகை, பலகையில் ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு சாவி. மத்தியானத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கடைக்குள் புகுந்தால் அத்தனை சாவிகளும் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கும். பின்கட்டில் மட்கார்டுகளுக்கு நடுவே சேலையில் தூளி கட்டி என் மகளைப் போட்டிருப்பேன். அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்குவாள். காற்று நின்றால் விழித்துக்கொள்வாள். எங்கேயோ நிற்கிற வண்டிகளெல்லாம் அந்தப் பலகையில் தொங்கிக்கொண்டு ஆடுவதாக எனக்குத் தோன்றும்.

பூட்டின் முகத்தில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் அடித்திருக்கும். அதைச் சொன்னால் அதே நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்துவிடலாம். அவ்வளவு சுலபம் என்பதால்தான் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். "சாவிய ஆளுக்குக் குடுக்காத அம்மிணி, வண்டிக்குக் குடு" என்பார். வண்டி கடை வாசலுக்கு வர வேண்டும், இல்லையென்றால் நாம் வண்டி நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்த பிறகுதான் சாவி கை மாறும். நம்பர் தெரிந்தவனெல்லாம் வண்டிக்காரன் ஆகிவிடக் கூடாதல்லவா. நல்ல வழக்கம்தான். நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நல்லேப்பிள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். விவசாயக் குடும்பம். சின்னதாக ஒரு பழைய கார் வாங்கி, பொள்ளாச்சிச் சந்தைக்கும் பழனிக்கும் ஆட்களைக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடி முறிந்துவிட்டது. பூட்டும் அதோடு சேர்ந்ததுதான். நான் நாலு இடத்துக்குக் கடிதம் எழுதினேன். கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான்காரரிடம் கைப்பிடி கிடைத்தது, ஒரே ஒரு சாவியோடு. இரண்டு சாவிக்குத்தான் பேச்சு. நம்பரை எழுதி இன்னொன்றுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் கைப்பிடியை மாட்டிக்கொண்டு, "ரெண்டாவது வந்தா எடுத்து வெய்யுங்க, சந்தைக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி மாதம். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போகும்போது கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தார், புதுப் பெட்டி கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

இரண்டாவது சாவி ஐப்பசி முடிவதற்குள் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. நல்லேப்பிள்ளிக்காரர் பெயரையும் வண்டி நம்பரையும் அட்டையில் எழுதிச் சாவியில் கட்டி மேஜை டிராயரில் வைத்தேன். அவர் வரவில்லை. கார்த்திகையில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார் என்று சைக்கிள் டயர் வாங்க வந்த யாரோ சொன்னார்கள்.

அன்றே நான் அதை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். எப்படிப் போவது என்று தெரியவில்லை. துக்க வீட்டுக்குள் போய் ஒரு கார்ச் சாவியை நீட்ட முடியுமா? கருமாதி முடியட்டும் என்றிருந்தேன். கருமாதி முடிந்தது. அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தபோது மகளுக்குப் பேதி. அதற்குள் அந்தக் காரைப் பற்றி வேறு பேச்சு வந்துவிட்டது. அது குடும்பத்துக் கார் என்றார் இறந்தவரின் அண்ணன். அவர் தனியாக வாங்கியது என்றார்கள் மனைவியின் பக்கத்தார். ஊர் கூடி, சொத்துப் பேச்சு முடியும்வரை காரைப் பொதுவில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். காரைப் பூட்டிப் புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். சாவி நெல் மில் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் கையில். இரண்டு பக்கமும் வந்து நிற்காமல் அதை யாரும் திறக்கக் கூடாது.

கார் அங்கே பொதுவில். அதன் இன்னொரு சாவி இங்கே என் டிராயரில். இப்போது கொண்டுபோனால் இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்பார்கள். அந்த அண்ணன் நம் கடையில் டிராக்டர் சாமான் வாங்குகிறவர். கடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று பேர் வந்தால் முதலாளி என்ன சொல்வார்? பெண்பிள்ளைக்கு வேலை கொடுத்ததே பெரிய காரியம் என்று நினைக்கிற ஊர். டிராயரை மூடினேன். நான் எதுவும் செய்யவில்லை, அதனால் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசியில் இறந்தவரின் மனைவி கடைக்கு வந்தாள். மரகதம் என்று பேர். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. உள்ளே வந்து நின்றவள் கண் பழகாமல் கொஞ்ச நேரம் என்னைத் தேடினாள்.

"ஏனுங்க்கா, எங்கூட்டுக் காருக்கு இன்னொரு சாவி பண்ணித் தர முடியுமுங்களா?"

எந்தக் கார் என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"உள்ள ஒரு கவரு இருக்குதுங்க. எஸ்.எஸ்.எல்.சி. புக்கு, டீச்சர் டிரெய்னிங் சர்ட்டிபிகேட்டு எல்லாம் அதுலதான். பாலக்காட்டு எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுல வேலைக்குப் பதிஞ்சுபோட்டு வந்த அன்னிக்குத்தான் அவருக்குக் காச்சல் கண்டது. கவரை அதுக்குள்ளயே உட்டாச்சு. எனக்கு நெனப்பே இல்லீங்க. இப்ப நல்லேப்பிள்ளி ஸ்கூள்ல தமிழ் டீச்சர் வேலைக்கிக் கார்டு வந்திருக்குது. வெள்ளிக்கெழமை அசலைக் காட்டோணும்."

"மில்லுக்காரரக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. ரெண்டு பக்கமும் வந்தாத்தான் தொறப்பேங்கறாரு. எங்க மூத்தாரு, அவரோட அண்ணன், வரமாட்டேங்கறாரு. கவராவது கடுதாசியாவது, வண்டிய ஓட்டிட்டுப் போக வழி பாக்கறாங்கறாரு."

"நகல் வாங்க முடியாதா?"

"அதுக்கும் அபேட்சை எழுதிக் குடுத்திருக்கறனுங்க. மாசக்கணக்குல ஆகுமாம். வெள்ளிக்கெழமை நிக்குமுங்களா எனக்கோசரம்?"

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலாளி சொல்கிற குரலிலேயே சொன்னேன்: "கடை வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. வண்டி வந்தாத்தான் சாவி."

அவள் சிரித்துவிட்டாள். கோபமில்லாத சிரிப்பு. "சாவி இல்லாமத்தானுங்க்கா கேக்கறேன். வண்டி எப்படி வரும்?"

பின்கட்டில் என் மகள் அழுதாள். அதைச் சாக்காக வைத்து எழுந்து போய்விட்டேன். தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தேன், அவள் தூங்கிய பிறகும். திரும்பி வந்தபோது மரகதம் இல்லை. வாசலில் புழுதி மெதுவாகச் சுழன்று, யாரோ நின்றுவிட்டுப் போன இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்த வேலை வேறு யாருக்கோ ஆனது.

அதற்கடுத்த ஐந்து மாதம் எனக்கு ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் நினைவிருக்கிறது. பட்டியலைத் திறந்தால் எழுத்துகள் மிதக்கும். வீட்டில் சாதம் வடிக்கும்போது அந்தக் கார் ஞாபகம் வரும். நான் அதைப் பார்த்ததே ஒரு முறைதான், கடை வாசலில். ஆனாலும் புளியமரத்தடியில் அது நிற்பது கண் முன்னால் தெரியும். கண்ணாடிமேல் புளியம்பூ உதிரும். உள்ளே ஒரு கவர், யாரும் தொடாமல், சூட்டில் கிடக்கும். கனவிலும் வந்தது. சாவியைப் போடுவேன், கதவு திறக்கும், உள்ளே இன்னொரு கதவு இருக்கும்.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய ஒருநாள் அவள் மறுபடியும் வந்தாள். கையில் வேறு கார்டு.

"இது இடுக்கியிலீங்க. கம்பம்மெட்டுக்கிட்ட, ஏலத்தோட்டத்துப் புள்ளைங்க படிக்கற ஸ்கூளு. அத்தாந்தூரம் ஆரு போவாங்கன்னு எங்கம்மா அழுகுது. இதையும் உட்டா அப்புறம் கூப்புடவே மாட்டாங்களாமா. பத்து நாள் இருக்குதுங்க்கா."

பத்து நாள். நான் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். "சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, பின்னால் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐப்பசியில வந்ததா இது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி..." என்று விரல் விட்டார். "ஏனம்மிணி, ஒம்போது மாசமா வயித்துல வெச்சிருந்தியா? புள்ளையே பொறந்திருக்குமே!"

"தப்புத்தானுங்க."

"தப்பு கெடக்குது. அந்த அண்ணங்காரன் நாளைக்கி எங்கிட்ட வந்து குதிப்பானே, அவனுக்கு ஆரு பதில் சொல்றது?" கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது அவரிடம். அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. "நான் வரமாட்டேன். நீ வெச்ச சாவி, நீயே கொண்டுபோய்க் குடு. ஆனா ஒண்ணு, கடை பேரு கெடக் கூடாது."

முன்னால் வந்து சாவியை நீட்டிக் காட்டினேன். மரகதம் அட்டையில் தன் கணவர் பெயரைப் படித்தாள். எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். அது எப்போது வந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "எங்கையில குடுத்துருங்க்கா" என்றாள். "மத்தியானத்துல அந்தப் பக்கம் ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. தொறந்து கவரை எடுத்துட்டு மூடிப்போடறேன். ஒரு நிமுசம்."

கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும். சாவி அவள் கணவர் பெயரில் வந்தது, அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் பொதுவில் வைத்த காரை அவள் தனியாகத் திறப்பதை யாராவது ஒருவர் பார்த்தால் போதும். திருடினாள் என்பார்கள். போலீசுக்குப் போனால், சர்ட்டிபிகேட் கையில் இருந்தும் டீச்சர் வேலை இருக்காது. ஒளித்து வைத்ததை ஒளித்தே திருப்பிக் கொடுத்தால் என் பயம் அவள் தலையில் ஏறும். நான் சொன்னேன்: "வேண்டாம் மரகதம். நாளைக்கி நான் வர்றேன். எல்லாரும் பாக்கவே தொறப்போம்."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. என்னை நானே நம்பவில்லை. வீட்டில் வந்து, கொடுத்தே இருக்கலாமோ என்று எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா?

மறுநாள் காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்லேப்பிள்ளியில் இறங்கினேன். பைக்குள் சாவியும் பில்லின் நகலும். இருபக்கமும் நாற்று நட்ட வயல். காற்று ஒரு முனையில் தொட்டால் பச்சை முழுவதும் மறுமுனைவரை சாய்ந்து எழுந்தது. அதில் நடப்பது தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. மில் வாசலில் மூட்டைகளோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மில்லுக்காரர் உமி படிந்த புருவத்தோடு எட்டிப் பார்த்தார்.

"ஆரு அம்மிணி? கொழந்தையத் தூக்கிட்டு மில்லுக்கு வந்திருக்கறே?"

யாரென்று சொன்னேன். "உங்க கையில இருக்கற கார்ச் சாவி ஒண்ணுங்க. இது அதோட ரெண்டாவது. அவர் இருக்கறப்பவே சொல்லி வெச்சது, எங்க கடையிலயே தங்கிப்போச்சு. வண்டி பொதுவுல இருக்கறப்ப இதுவும் பொதுவுலதான் இருக்கோணும். உங்ககிட்டக் குடுக்க வந்தேன்."

மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மில்லுக்காரர் கையை நீட்டினார்.

"இருங்க. பூட்டுல போட்டுப் பாத்துத்தான் குடுக்கறது எங்க கடை வழக்கமுங்க."

"பாக்காட்டி என்ன?"

"சேராத சாவிய வாங்கி வெச்சுட்டு, நாளைக்கி மாத்திப்போட்டீங்கன்னு உங்களையே கேப்பாங்களே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "கடைக்காரிதான் நீ. வா."

புளியமரத்தடிக்குப் போவதற்குள் கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. கார் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. புழுதி ஒரே நிறமாகப் போர்த்தியிருந்தது. காற்றில்லாத டயர்கள் மண்ணில் அமுங்கி, அது நிற்கவில்லை, படுத்திருக்கிறது என்று தோன்றியது. அடியிலிருந்து ஒரு கோழி எழுந்து, அவசரமில்லாமல் வெளியே நடந்தது. மரகதம் குழந்தையோடு வீட்டு வாசலில் நின்றாள். அண்ணன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார்.

"ஆரக் கேட்டு வண்டிகிட்ட நிக்கறீங்க?"

"என்னையக் கேட்டுத்தான்டா" என்றார் மில்லுக்காரர். "ரெண்டாவது சாவியாமா. சேருதான்னு பாக்கறாங்க. நீயும் நில்லு. ரெண்டு பக்கமும் நின்ன மாதிரி ஆச்சு."

"டிராக்டருக்கு பெல்ட்டு கேட்டு ஒரு மாசமாச்சு, அது வரல" என்றார் அவர் என்னைப் பார்த்து. "இதுக்கு மட்டும் ஊடு தேடி வருவீங்களோ?"

நான் மகளைக் கீழே இறக்கிவிட்டு, பூட்டின் புழுதியை முந்தானையால் துடைத்து, சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. மறுபடி போட்டேன். இல்லை. அட்டையைத் தப்பாகக் கட்டிவிட்டேனா? ஒன்பது மாதமும் நான் காத்தது வேறு யாருடைய சாவியோ? யாரோ பின்னால் சிரித்தார்கள். அப்போதுதான் ஐப்பசியில் அந்த மனிதர் கதவை மூடியவிதம் கண்ணுக்குள் வந்தது. இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் பூட்டினார். கதவு தொங்கியிருந்ததால் அப்படித் தாங்கினால்தான் பூட்டு நேராகும். நானும் இடுப்பைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு திருப்பினேன். சாவி சத்தமே இல்லாமல் சுழன்றது.

கதவு திறந்தது. உள்ளே அடைந்திருந்த காற்று முகத்தில் வந்து மோதியது. ரெக்சின், பழைய பெட்ரோல், அதற்கும் அடியில் ஒரு தேங்காயெண்ணெய் வாசனை. அது யார் தலை எண்ணெய் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மரகதம் இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"செரி, பாத்தாச்சு. மூடுங்க" என்றார் அண்ணன். "ஒரு பொருளு வெளிய போகக் கூடாது."

மில்லுக்காரர் தரையைப் பார்த்தார். அவரால் அதற்குமேல் வர முடியாது என்று புரிந்தது. அவருக்கும் ஊர் வேண்டும். நான் மூடினால் இனி இந்தக் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூடாமல் நான் கை விட்டு எடுத்தால், கடைக்காரி எடுத்துக் கொடுத்தாள் என்றாகும். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு, யோசிக்காமல்தான் சொன்னேன்:

"நீங்களே எடுத்துக் குடுங்களேன். உள்ள ஒரு கவரு இருக்குது, அவங்க பேரு போட்ட காயிதம். வேற ஒரு திருகாணியும் போகலைன்னு அப்புறம் நீங்களே ஊருக்குச் சொல்லலாம்."

"நானா?"

"உங்களத் தவிர வேற ஆரு எடுத்தாலும் நீங்க ஒத்துக்க மாட்டீங்களே."

"அவ சொல்றது செரிதான்டா" என்றார் மில்லுக்காரர் உடனே, அந்த வழி தனக்கே தோன்றியது போல. "போ, நீயே எடு."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். கவர் இருந்த டாஷ்போர்டுப் பெட்டி இடதுபக்கம் இருந்தது. எட்டவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார வேண்டியிருந்தது. தம்பி இருந்தவரை அவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று பிற்பாடு மரகதம் சொன்னாள். உட்கார்ந்தவர் உடனே எழவில்லை. சேற்றுக் கால் ஒன்று வெளியே இருந்தது. ஒரு கை ஸ்டீரிங்மேல். புழுதிக் கண்ணாடி வழியாக அவர் எதைப் பார்த்தாரோ தெரியாது. அதில் பழுப்பு வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. புளிய இலைகள் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. என் மகள் போய்க் கோழியைப் பார்த்துவிட்டு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பெட்டியைத் திறந்து கவரை எடுத்தார். உள்ளே ஒரு சீப்பும் இருந்தது. அதைத் தொட்டுவிட்டு அங்கேயே வைத்தார். வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் கவரை நீட்டினார்.

"இந்தா. எல்லாம் இருக்குதான்னு பாத்துக்க."

கவரின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. புத்தகத்தின் ஓரம் சல்லடையாகியிருந்தது. முத்திரையும் நம்பரும் கையெழுத்தும் பிழைத்துவிட்டன. மரகதம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவைப் பூட்டிச் சாவியை மில்லுக்காரர் கையில் வைத்தேன். பில்லின் பின்பக்கம் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அண்ணன் அப்புறம் டிராக்டர் பெல்ட்டுக்கு வேறு கடைக்குப் போனார். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பெல்ட்டு வந்துபோச்சு, அவன் வல்ல" என்றார். அவ்வளவுதான்.

மரகதத்துக்கு வேலை கிடைத்தது. கம்பம்மெட்டுப் பக்கம் போக, பொள்ளாச்சி பஸ் ஏறக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தாள். தகரப் பெட்டி, ஒரு மூட்டை, குழந்தை. அம்மா கூட வரவில்லை. நான் கடையிலிருந்து ஓடிப்போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கே குளிருமாமே, பிள்ளைக்குக் கம்பளி எடுத்துக்கொண்டீர்களா என்றெல்லாம் கேட்டேன். நான் கேட்க வந்தது அதுவல்ல. டிரைவர் ஏறிவிட்டார்.

"மரகதம், மாசியில நீங்க வந்தப்பவே அந்தச் சாவி எங்கிட்ட இருந்துச்சு. டிராயர்ல. பயந்துட்டுக் குடுக்கல. அன்னிக்கே குடுத்திருந்தா நீங்க நல்லேப்பிள்ளியிலயே வேலையில இருந்திருப்பீங்க."

திட்டுவாள் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று சொல்வாள் என்றும் நினைத்தேன். அதைத்தான் வேண்டி நின்றேன் என்று இப்போது தெரிகிறது.

"சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க்கா" என்றாள். "இத்தனை நாளும் மூத்தாரு மேல மட்டும் கோவமா இருந்தேன். அது லேசா இருந்துச்சு."

டிராயரில் வைத்ததை உரிய நாளில் கொடுக்காத நான், அதைச் சொல்லவும் உரிய நாளைத் தவறவிட்டேன். ஆடியில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த அட்டையைப் படித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது என்னைத் திட்ட அவளுக்கு நேரமிருந்தது. புறப்படும் பஸ்ஸின் ஜன்னலில் சொன்னது என் பாரத்தை இறக்கத்தான். உங்கள் கையில் தவறு நடந்தால், கேட்கிறவர் கோபப்பட இடமும் நேரமும் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நம் வேலையில் இதைவிடக் கடினமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

பஸ் உறுமியது. அவள் எழுந்து, மேலே வைத்த மூட்டை சரிவதைப் பார்த்தாள். ஒரு கையால் அதைத் தள்ள முடியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, குழந்தையை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள்.

"சித்த புடிங்க்கா."

வாங்கிக்கொண்டேன். தூக்கக் கலக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளை என் தோளில் தலையைச் சாய்த்தது. சூடாக, கனமாக இருந்தது. மேலே அவள் மூட்டையை உள்ளே தள்ளிக் கயிற்றைக் கட்டினாள். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டியதும் கொடுத்தேன்.